உச்சிக்கோடு

மண்டபத் தூணில் வெள்ளம் ஏறின மட்டத்தைக் காட்ட வெட்டியிருக்கிற மூன்று கோடுகளில் உச்சிக்கோடு வெள்ளக்கோடே இல்லை என்று ஞானப்பூவுக்கு முதன்முதலில் சொன்னது அவள் புருஷன் ஏசுவடியான். கல்யாணமாகிப் பதினோராம் நாள், பொழுது சாயும் நேரம், மருதந்துறையின் இதே படித்துறையில், இதோ இப்போது முழங்கால் தண்ணீரில் நின்று அவள் கோயில் ஜமுக்காளத்தை முக்கிக்கொண்டிருக்கிற இதே படியில் வைத்துச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அவர் போய்ச் சேர்ந்தே நாலு வருஷம். அன்றைக்கு அவர் சொன்னதை அவள் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. ஜெபத்தில் சொல்லியிருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை, ஆண்டவருக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டாள். உடுத்த சேலை, போட்ட வளையல் எல்லாம் நாலு பேர் கண்ணில் பட்டதுதான். இந்த ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படாமல் அவளிடம் இருந்தது. இன்றைக்கு அந்தக் கோடுகளைப் பற்றி ஆறு படிக்கு மேலே பேச்சு நடக்கிறது. பேசுகிறது அவள் இல்லை.

பேசுகிறது ஓரகத்தி ரூபவதி. ஏசுவடியானின் அண்ணன், இறந்துபோன தங்கையாவின் பெண்டாட்டி. மருதமர நிழலில், படியில் துண்டை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எதிரில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஞானப்பூவின் மருமகள் பெனினா. மேட்டுத்தெருக் கோயில் கட்டி நூற்றைம்பது வருஷம் ஆகிறது, அதற்கு மலர் போடுகிறார்கள், ஊர் வரலாறு எழுதுகிற பொறுப்பை டீச்சராயிருக்கிறவளிடம் சபைப் போதகர் ஐயர் ஒப்படைத்துவிட்டார். கல்யாணமாகி வந்து எட்டே மாசம். நாகர்கோவில்காரி, நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது, "அத்தை, ஊரைப் பத்திப் பெரியத்தைகிட்டக் கேட்கலாம்னு இருக்கேன், அவங்க நல்லாப் பேசுவாங்கல்லா" என்றாள். ஞானப்பூ ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆமா, நல்லாப் பேசுவா" என்றாள். ரசம் தட்டை விட்டு வெளியே போனது. பேசத் தெரிந்தவளிடம்தான் ஊர் இருக்கும்போல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் வாழ வந்தோம், அவள் நாலு வருஷம் முந்தி, நான் நாலு வருஷம் பிந்தி. அந்த நாலு வருஷத்தை அவள் எந்த விசேஷ வீட்டிலும் கொண்டுவராமல் இருந்ததில்லை. நீ வாரதுக்கு முன்னாலட்டி என்று ஆரம்பிப்பாள். நீ வாரதுக்கு முன்னாலதான் இந்த வீட்டுல மாடு நின்னுது. நீ வாரதுக்கு முன்னாலதான் மாமாவுக்குச் சமாதி கட்டுனது.

கோயில் விருந்தான அசனத்துக்கு முந்தின வாரம் கோயில் ஜமுக்காளங்களை வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் அலசிக் கொடுக்க வேண்டும், அது இங்கே உள்ள வழக்கம். ஓரகத்திகள் ரெண்டு வீடு என்றாலும் ஒரே குடும்பம் என்று ஒரு ஜமுக்காளம்தான் கொடுப்பார்கள், கொடுப்பதிலேயே பெரியதாகப் பார்த்து. வருஷா வருஷம் ரூபவதி கூடவே வருவாள். வந்து மேல்படியில் உட்கார்ந்துவிடுவாள். மூட்டுக்குக் குளிர்ந்த தண்ணி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நினைத்த உடனே ஞானப்பூவுக்கு உறுத்தியது. ஆண்டவரே, இந்தப் புத்தியைக் கொஞ்சம் எடுத்துப் போடும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். ஜமுக்காளத்தின் ஒரு மூலையைக் கல்லில் வைத்துச் சவுக்காரம் போட்டாள். பாதத்தைச் சின்னக் கெண்டைகள் வந்து கொத்தின. ஐப்பசி கழிந்து ஆறு தெளிந்திருந்தது, மணலும் கூழாங்கல்லும் அடியில் தெரிந்தன, அக்கரையில் நாணல் பூத்துச் சாய்ந்து கிடந்தது. நீர்க்காகம் ஒன்று பாறையில் சிறகை விரித்து வைத்துக்கொண்டு நின்றது. அதுவும் துணி காயப் போடுகிற மாதிரிதான் நிற்கும் என்று அவர் சொல்வார். அவர் சொன்னது என்று எத்தனையோ இருக்கிறதே, இதைக்கூடவா ரூபவதிக்குச் சொல்லியிருப்பார். இல்லை, இதை எனக்குத்தான் சொன்னார். எல்லாருக்கும் சொல்லக்கூடியதுதான். இல்லை, எனக்குத்தான்.

"இந்த மண்டபம் யாரு கட்டுனதுன்னு தெரியாதும்மா" என்று மேலே ரூபவதி நடத்திக்கொண்டிருந்தாள். "ராசா ஒருத்தரு ஆத்துல வந்து குளிச்சிட்டு ஈரம் காயக் கட்டுனதுன்னு சொல்லுவாவ. ராசாவுக்குத் துண்டு இல்லையான்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாவ." பெனினா சிரித்தாள். ஞானப்பூவுக்கும் சிரிப்பு வந்தது, வந்ததை விழுங்கினாள். பிறகு தோணித்துறை வந்தது. பாலம் வருகிறதுக்கு முன்னால் அக்கரைக்குப் போகத் தோணிதான், வெள்ளைக்காரப் பாதிரியார் குடையும் பெட்டியுமாகத் தோணியில் வந்து இறங்கினது இந்தப் படியில்தான், கோயில் அஸ்திவாரத்துக்கு ஆற்றுக்கல்லைப் பெண்கள்தான் தலையில் சுமந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் மருதமரங்களை விட்டுவிட்டாளே. இந்தக் கரையில் பதினேழு மருது நின்றது, இப்போது ஒன்பது. பட்டை உரிந்து வெள்ளையாக நிற்கும், வேர் தண்ணீருக்குள் இறங்கி மண்ணைப் பிடித்திருக்கும், அந்த வேர்ச் சந்தில்தான் நீர்நாய்கள் குட்டி போடும். கால்வாய்த் தலைமடையில் மடை பார்க்கிற லஸ்கராக இருந்த அவள் புருஷன் முப்பது வருஷம் விடிகாலையில் மடைக்குப் போய், அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு வருகிற வழியில் எண்ணிப் பார்த்தது அது. நீர்நாய் பார்த்த நாளெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போதே, ஏ பிள்ளை, இன்னைக்கு மூணு என்பார். அதைச் சொல்ல ரூபவதிக்குத் தெரியாது. நான் சொல்லட்டுமா. இங்கே இருந்து கத்தினால் கேட்குமா. கேட்டாலும் அந்தப் பிள்ளை, சரி அத்தை என்று போனை ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திருப்பிவிட்டுத் திரும்ப அங்கேதான் கொண்டுபோவாள். திருப்புவாளே, அந்த ஒரு நிமிஷம், அதுதான் தாங்காது.

"பெரியத்தை, அந்தத் தூண்ல மூணு கோடு இருக்கே, அது?" என்றாள் பெனினா.

ஞானப்பூவின் கை நின்றது. ஜமுக்காளம் ஓட்டத்தோடு போகப் பார்த்தது, முழங்காலால் கல்லோடு அழுத்திக்கொண்டாள். சொல்லட்டும். ஊரில் எல்லாரும் சொல்கிறதைத்தானே சொல்லப்போகிறாள். அடிக்கோடு தோணி கவிழ்ந்த வருஷத்து வெள்ளம், அது பூட்டன் காலம். நடுக்கோடு மாமனார் வெட்ட வைத்தது. மாமனார் கொத்தனார். அந்த வெள்ளம் வடிந்த மறுநாள் ஊர் கூடி நிற்க, உளியையும் சுத்தியலையும் எடுத்து மூத்தவர் தங்கையா கையில் கொடுத்து, நீ வெட்டுலே என்றாராம். தங்கையாவுக்குப் பதினாலு வயசு. இளையவருக்கு ஒன்பது, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அண்ணன் நேர்க்கோடு வெட்டி முடித்ததும் ஊரே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. "எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சு போச்சு" என்றார், அந்தப் பதினோராம் நாள். புதுப்பெண்டாட்டியிடம் யாராவது இதைச் சொல்வார்களா. தான் என்ன சம்பாதிக்கிறேன், எத்தனை பேரை எதிர்த்து நின்றேன் என்றுதான் சொல்வார்கள். இவர் தன் பொறாமையைச் சொன்னார். "அண்ணன் கோட்டுக்கு மேல நமக்கு ஒரு கோடு வேணும்னு இருந்துது பிள்ளை. தை மாசம், தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறித்தான் கிடந்துது, தோணிக்காரரு தோணியத் தூண்ல கட்டிப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிருந்தாரு. அப்பா உளிய எடுத்துட்டுப் போயி, தோணி மேல ஏறி நின்னு, எட்டுன மட்டும் மேல வெட்டுனேன். தோணி ஆடுனதுல கோடு கோணிப் போச்சு." அவள் அந்தத் தோணியை எத்தனை தரம் பார்த்திருக்கிறாள். ஜெபத்தில் கண்ணை மூடினால்கூடச் சில நாள் வந்துவிடும், ஆடுகிற தோணி, அதில் அரைக்கால் டவுசரோடு எக்கி நிற்கிற முதுகு. யாரும் பக்கத்தில் இல்லாத முதுகு. அதைப் பார்க்கிற உரிமை தனக்கு மட்டும் என்றுதான் அவள் படுத்தாள், எழுந்தாள், பிள்ளை பெற்றாள், அவர் பெட்டியின் மேல் மண் போட்டாள்.

அந்தப் பங்குனியிலேயே மாமனார் காய்ச்சலில் போய்விட்டார். தூணைக் கவனிக்க ஆள் இல்லை. நாலைந்து வருஷத்தில் பாசி ஏறிச் சுண்ணாம்பு படிந்து உச்சிக்கோடு மற்ற ரெண்டையும்விடப் பழசாகிவிட்டது. கோணலாக இருந்ததாலேயே அது ஆதிகாலத்துக் கோடு என்று ஊர் முடிவு கட்டியது, அந்தக் காலத்தில் நல்ல உளி ஏது என்றார்கள். எங்க தாத்தா அந்த வெள்ளத்தைப் பாத்திருக்காரு என்று சொல்ல ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தர் அதில் யானை மிதந்து வந்தது என்றார். பள்ளத்தெருவில் ஓலை வீடுகளை எடுத்துவிட்டு ஓடு போட ஆரம்பித்தபோது, டியூபில் தண்ணீர் விட்டு உச்சிக்கோட்டிலிருந்து மட்டம் பிடித்துப் போய், அதற்கு ஒரு கல் மேலேதான் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கால் எழுப்பினார்கள். ஒன்பது வயசுப் பையன் எக்கினால் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயரத்துக்குத் தெரு முழுக்கப் படி ஏறி வீட்டுக்குள் போனது. சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், ஒவ்வொரு வீடு எழும்பும்போதும் வாய் வரைக்கும் வந்தது, வீண் செலவுதானே எல்லாருக்கும், பயத்தில் சொல்லவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். யார்ட்டயும் சொல்லிராத என்றார். அவளும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, மாட்டேன் என்றாள். தாலி கட்டினது கோயிலில் என்றாலும் கல்யாணம் ஆனது அந்த நிமிஷம்தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

பிறகு மகன் ஜோயல் மூன்று மாசக் கைக்குழந்தையாக இருக்கும்போது வந்ததே, அந்த வெள்ளம். ரெண்டு நாள் மேற்கு மலை தெரியவே இல்லை. ஆறு செம்மண் நிறத்தில் மரமும் மாடும் வைக்கோல் படப்புமாக உருட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தெரு முழுக்க மேட்டுக்கோயிலில் வந்து ஒதுங்கியது. மத்தியானம் தண்ணீர் நடுக்கோட்டை முழுங்கி மேலே ஏறி, உச்சிக்கோட்டுக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. அப்படியே ரெண்டு மணி நேரம் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. ஒரு வீட்டுக்குள்ளேயும் தண்ணீர் ஏறவில்லை. முன்னோர்கள் அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஐயர் கண்ணீரோடு ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார். அப்போதுதான் மடையிலிருந்து நனைந்து நடுங்கிக்கொண்டு அவர் வந்தார். கோயில் வாசலில் நின்று, இத்தனை தலைக்கும் மேலாக அவளைத் தேடி, அவளை மட்டும் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிள்ளை பாலுக்கு அழுதது, யாரோ ஆமென் சொன்னார்கள், அவர் அப்படியே ஈர வேட்டியோடு முழங்காலில் நின்றுவிட்டார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ரெண்டு பேருக்குத்தான். இப்போது ஒருத்திக்கு.

"மூணாவது கோடா," என்று ரூபவதி மேலே இழுத்தாள், குரலில் ஒரு சிரிப்பு ஏறியிருந்தது. "அது வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஊருல யாருக்கும் தெரியாது. உன் மாமனாரு சின்னப் பிள்ளையில செஞ்ச சேட்ட."

தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீர்க்காகம் சிறகை மடக்கிக்கொண்டு பறந்தது. ஞானப்பூ எதற்கென்று தெரியாமல் சவுக்காரக் கட்டியைத் தேடினாள், கையில்தான் இருந்தது. சொல்லியிருக்கிறார். அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவளிடமும் இல்லை, அவளிடம்தான். அவள் நாலு வருஷம் முந்தி அல்லவா வந்தாள். நீ வாரதுக்கு முன்னாலட்டி. அண்ணி அண்ணி என்று அந்த அடுப்படியையே சுற்றிச் சுற்றி வந்தவராம், அண்ணி வைக்கிற குழம்புக்குக் காத்துக் கிடந்தவராம், ரூபவதியே சொல்லியிருக்கிறாள். அப்போது ஒரு சாயங்காலம் சொல்லியிருப்பார், எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சு போச்சு அண்ணி என்று, அதே குரலில். பிறகு நான் வந்ததும் அதையே எனக்கு இன்னொரு தரம் சொல்லியிருக்கிறார். யார்ட்டயும் சொல்லிராத என்றது அவளிடமும் சொன்னதுதானா. அவள் உட்கார்ந்த படியில் என்னை நிற்க வைத்தாரா. அன்றைக்கு வெள்ளத்தில் ரூபவதி எங்கே இருந்தாள். எனக்குப் பின்னால் இருந்தாள். ஆமாம், எனக்குப் பின்னால், கோயில் தூணோரம், கடுங்காப்பிப் பானையோடு. தம்பி மொகரயப் பாரு என்று சிரித்தாள். நான் அதைச் சும்மாச் சிரிப்பு என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் அவர் பார்த்தது என்னையா, எனக்குப் பின்னால் இருந்தவளையா. கைக்குழந்தையோடு நடுவில் நின்றவள் நான் அந்தப் பார்வையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேனா. அறுபத்திரண்டு வயசில் இது என்ன நினைப்பு, ஆண்டவரே, பேரப்பிள்ளை எடுக்கப் போகிற நேரத்தில், செத்துப்போன மனுஷனை நாலு வருஷம் கழித்துத் தூணில் கட்டி விசாரிக்கிறேனே. மன்னியும். மன்னித்தாலும் அவர் சொன்னாரா இல்லையா. காலையில் திறந்த வேதபுஸ்தகத்தில் என்ன வாசித்தோம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, கடுங்காப்பிப் பானைதான் வந்தது.

"நிஜமாவா பெரியத்தை," என்றாள் பெனினா. "அவ்வளவு உசரத்துல எப்படி வெட்டுனாங்க?"

"எப்படி வெட்டுவான், எங்க வீட்டுக்காரரு தோளு மேல ஏறி நின்னுதான். ரெண்டு நாளு அழுதானாம், நான் ஒண்ணு வெட்டணும் நான் ஒண்ணு வெட்டணும்னு. சோறு இறங்கல. பொறுக்க முடியாம இவிய தோளுல தூக்கிட்டுப் போயிருக்காவ. தூணப் பாத்துக் குனிஞ்சு நிக்காவ, மேல கல்லுத் தூளு கண்ணுல விழுது. பேர வெட்டுதான்னுதான் நெனச்சிருக்காவ. அவன் என்னடான்னா கோட்டப் போட்டு வச்சிருக்கான். கல்யாணமான புதுசுல சட்டையக் கழத்திக் காட்டுனாவ, வலது தோளுல அவன் நகம் பதிஞ்ச தழும்பு. அப்பத்தான் எனக்கே சொன்னாவ."

இவிய என்றாள். இவிய. ஞானப்பூ அந்த வார்த்தையை ஒரு தரம், ரெண்டு தரம் காதுக்குள் திருப்பினாள். அவளுக்குச் சொன்னது அவள் புருஷன். எனக்குச் சொன்னது என் புருஷன். மூச்சு மெல்ல இறங்கியது, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் குளிர்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. இறங்கிய மூச்சு பாதியில் எதிலோ மாட்டிக்கொண்டது. அப்படியானால் தோணி. தோணி எங்கே போனது.

"தோணியில நின்னுதான் வெட்டுனாவ," என்றாள், திரும்பாமல். அவள் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது.

"அத்தை, உங்களுக்கும் தெரியுமா?" பெனினா எழுந்து ரெண்டு படி இறங்கி வந்தாள், போனோடு.

"தோணியா. எந்தத் தோணிட்டி," என்றாள் ரூபவதி. "தோணியில நின்னா அந்தத் தழும்பு எங்க இருந்து வந்துச்சு. அவன் உன்கிட்ட அண்ணன் தூக்குனத விட்டுட்டுச் சொல்லியிருக்கான், கள்ளப்பய." செத்துப்போன கொழுந்தனை அவள் அப்படித்தான் இன்னும் சொல்வாள், பிள்ளையைச் சொல்கிற மாதிரி.

விட்டுட்டுச் சொல்லியிருக்கிறார். எரிஞ்சு போச்சு என்று சொல்ல முடிந்தவருக்கு, எரிந்ததே யார் மேலோ அவர் தோளில்தான் ஏறி நின்றேன் என்று சொல்ல முடியவில்லை. அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். தோணி இல்லை. எக்கி நிற்கிற முதுகு இருந்தது. அதற்குக் கீழே, இத்தனை வருஷம் தண்ணீர் ஆடிய இடத்தில், பதினாலு வயசு தங்கையா கண்ணில் கல்லுத்தூளோடு ஆடாமல் நின்றுகொண்டிருந்தார். தனக்கு மட்டும் என்று வைத்திருந்ததில் பாதி முதலிலிருந்தே அடுத்த வீட்டில் இருந்திருக்கிறது. இந்தப் பொம்பளையிடம், காப்பிப் பானையோடு பின்னால் நின்றவளிடம். அன்றைக்கு அவள் சிரித்ததும் அதற்குத்தான். தம்பி மொகரயப் பாரு. அவளுக்கும் தெரிந்திருந்தது, அவளும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், அந்த வாயை வைத்துக்கொண்டு. அது எப்படி முடிந்தது அவளால். அதற்கும் ஞானப்பூவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் ரூபவதி. சிரிப்பு போய்விட்டிருந்தது. "எதுக்கு அப்படி ரெண்டு நாளு அழுதான்னு இவியளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுகூட ஒரு நாளு சொன்னாவ, தம்பி எதுக்கு அந்தக் கோட்ட வெட்டுனான்னு நான் கேக்கவே இல்லியேன்னு. உன்கிட்ட எதுவும் சொன்னானாட்டி?"

பெனினாவின் போன் ஞானப்பூவின் முகத்துக்கு நேரே வந்திருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது. நேற்றிலிருந்து இதற்குத்தான் ஏங்கினாள், அது வந்து எதிரில் நிற்கிறது. நாக்கு நுனியில் இருந்தது வார்த்தை, மூன்றே வார்த்தை. எரிஞ்சு போச்சு பிள்ளை. சொன்னால் ரூபவதிக்கு எல்லாம் கிடைத்துவிடும், தோள், தழும்பு, காரணம், முழுசாக. மலரில் அச்சாகி ஊருக்கும் கிடைத்துவிடும். மேல்படியில் ரூபவதி இன்னும் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். தங்கையாவைப்போலவே அவளுக்கும் முடி முழுக்க வெளுத்துவிட்டது. ஞானப்பூ குனிந்து ஜமுக்காளத்தை இழுத்தாள். தண்ணீர் குடித்து அது மூன்று ஆள் கனம் கனத்தது. ஒரு முனை கையில் வந்தது, மறுமுனை படியோடு ஒட்டிக் கிடந்தது.

"அந்த போன அணைச்சு வையும்மா," என்றாள் மருமகளிடம். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"அக்கா, நீங்க தண்ணியில இறங்க வேண்டாம், காஞ்ச படியிலேயே நில்லுங்க. இந்த முனைய மட்டும் கொஞ்சம் பிடிங்க, ஒத்தையில பிழிய முடியல."